ஆடிக்கு விசா

“வேற நாட்டு மாப்பிள்ளையா? நடக்காதும்மா! ஆடி மாசம் அம்மா வூட்டுக்கு வர்றதுக்கு விசா வாங்கினு நிப்பியா?”

“விசா வாணாம். கார்டைக் காட்டிட்டு நடந்தே வந்துடலாம்.”

“நடந்தா? யார் காதுல பூ சுத்துற?”

கிருஷ்ணம்மாளின் சத்தம் செவிலிமேடு முழுக்கக் கேட்டது. பக்கத்து வீட்டு ருக்ஸானா, ‘ஐயோ பாவம் மஹாலட்சுமி’ என்று உச்சுக்கொட்டியபடி, கறிவேப்பிலை கேட்கும் சாக்கில் உள்ளே நுழைந்தாள்.

மஹாலட்சுமி ஓரமாக உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டிருந்தது மாடியில் குடியிருக்கும் கென்யாப் பெண், நர்சிங் மாணவி அகின்யி.

“அவங்க அம்மாவே சரின்னுட்டாங்க ருக்ஸானாக்கா. நாலு வருஷம் சோறு போட்ட எங்கம்மா சரின்னாதான் கல்யாணம்னு இவ சொல்லிக்கினு இருக்குறா” என்றாள் மஹாலட்சுமி.

அகின்யி மூக்கை உறிஞ்சினாள். “ஆன்ட்டி, அவர் வூடு உகாண்டா, எங்க வூடு கென்யா. நடுவுல எல்லைல ஒரு கேட்டுதான். எங்க ரெண்டு நாட்டு ஆளுங்களுக்கு அடையாள அட்டை போதும். அம்மா வெச்ச கொழம்பு ஆறுறதுக்குள்ள போயிடுவேன்.”

கிருஷ்ணம்மாளின் முகம் மலர்ந்தது. “இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? பக்கந்தானே, கட்டிக்கோ!”

மஹாலட்சுமி கத்தியைக் கீழே வைத்தாள். “பஸ்ஸுல அரை மணி நேரம் போற தாமலுக்கு கேட்டும் இல்ல, கார்டும் இல்லம்மா. எனக்கு வந்த அந்த ஊர் மாப்பிள்ளைய மட்டும் ஏன் தூரம்னு வாணான்ன?”

கிருஷ்ணம்மாள் பஞ்சாங்கத்தை எடுத்து இரண்டு முகூர்த்தம் தேடினாள்.

தை மாதம் மஹாலட்சுமி தாமலுக்கும், அகின்யி உகாண்டாவுக்கும் வாழப் போனார்கள். ஆடி முதல் நாள் காலையிலேயே, கென்யாவில் அம்மா வீட்டிலிருந்து அகின்யி வீடியோ கால் போட்டுவிட்டாள்.

மஹாலட்சுமி அப்போதும் தாமலில் பஸ்ஸுக்குத்தான் நின்றுகொண்டிருந்தாள்.