திரும்பி வராத வில்லைகள்

ஊரில் சில்லறைத் தட்டுப்பாடு. மளிகைக் கடைக்காரர் தன் கடை முத்திரை குத்திய பித்தளை வில்லைகளைப் பட்டறையில் அடித்து வாங்கி, மீதிக் காசுக்குப் பதிலாகக் கொடுத்தார். திருப்பிக் கொண்டுவந்தால் அரைக் காசுக்குச் சாமான்.

ஒருவரும் கொண்டுவரவில்லை.

"தொலைச்சுட்டுத் திரியுறாங்க. அத்தனையும் நமக்கு லாபம்!" என்றார் மனைவியிடம், வாயெல்லாம் பல்லாக. "இந்தத் தடவை மெல்லிசா அடிக்கச் சொல்லலாமா?"

"ஐயையோ, வேணாங்க. கையில கனமா இருந்தாத்தானே நம்ம கடைக்கு மரியாதை?"

அதுவும் சரிதான் என்று பட்டறைக்குப் போனார். "இன்னொரு மூட்டை வேணும். இன்னும் கனமா."

"நாளைக்கே தர்றேன் முதலாளி. பித்தளை தானா வந்து சேருது."

பட்டறையின் கொல்லைப்பக்கம் ஒரே சலசலப்பு. எட்டிப் பார்த்தார். அவருடைய வாடிக்கையாளர்கள் வரிசையில் நின்று அவருடைய வில்லைகளை எடைக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உங்ககிட்ட கொடுத்தா அரைக் காசு. உருக்கப் போட்டா முழுக் காசு," என்றார் பட்டறைக்காரர், விலை சொல்வதுபோல.

வரிசையின் முன்னால் கடைக்காரரின் மனைவி, முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தராசில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம் நிறுங்கப்பா. அவர் சாப்பிட வர்றதுக்குள்ள நான் வீட்டுக்குப் போகணும்."