பெயர் தெரியாத பெண்

"இந்தப் படத்துல இருக்கிறது யாருன்னு தெரியுமாம்மா?"

மண்ணூரில் பஸ்ஸை விட்டு இறங்கிய லீலா, டீக்கடைக் கிளியம்மாளிடம் ஒரு புகைப்படத்தை நீட்டினாள்.

ஓர் ஓவியத்தின் புகைப்படம். வயலில் நாற்று முடியை இடுப்பில் அணைத்தபடி நிற்கும் இளம்பெண். யாரோ கூப்பிட்டுத் திரும்பியது போன்ற பார்வை.

கிளியம்மாள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பார்த்ததுமே முகம் சுருங்கியது.

"ஐய, சந்திரம்மா ஆச்சே இது! உன் கைக்கு எப்டி வந்துச்சு?"

"மெட்ராஸ்ல எங்க ஓவிய மியூசியத்துல மாட்டியிருக்கோம். வரஞ்சவருக்கே இவங்க பேர் தெரியாது, இந்த ஊர்ப் பேர் மட்டும்தான் சொன்னார். அதனால 'பெயர் தெரியாத பெண்'னு கீழே போட்டிருக்கு. ஒவ்வொரு படத்துக்கும் பின்னால என்ன கதைன்னு தேடிக்கிட்டிருக்கோம். அதான் வந்தேன்."

"இவ கதை இன்னாத்துக்கு? எவனோ படம் போடறவன் எதிர்ல மணிக்கணக்கா நின்னா. ஊரே சிரிச்சுது. புருசன்காரன் வெரட்டிட்டான். அவ்ளோதான் கதை."

"அவரு இப்போ எங்க இருக்காரு?"

"தோ, எதிர் கழனில மடை மாத்திக்கினு கீறாரே, தணிகாசலம், அவர்தான். அவ பேரை எடுத்தாலே சண்டைக்கு வருவாரு. பாத்துப் பேசும்மா."

லீலா வரப்பில் இறங்கி நடந்தாள்.

தணிகாசலத்துக்கு ஐம்பதை ஒட்டி இருக்கும். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு படத்தை வாங்கிப் பார்த்தார்.

"தெரியாது. யாரோ."

ஆனால் படத்தைத் திருப்பித் தரவில்லை.

"இது... பெருசா இருக்குமா?"

"ஆள் உயரம் இருக்குங்க."

"நெறைய பேர் வந்து பாப்பாங்களா?"

"பாப்பாங்க. இதுக்கு முன்னால நிக்காம யாரும் போறதில்ல."

"பாக்கட்டும். அதுக்குத்தானே நின்னா!"

சொல்லிவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். லீலா கேட்காமலே பேச்சு வந்தது.

"நடவு நேரம். செம்பரம்பாக்கம் ஏரியைப் படம் போட வந்தவன், இந்தப் பக்கமும் வந்தான். நான் சந்தைக்குப் போன நேரமாப் பாத்து இவ போய் நின்னுருக்கா. ஒரு நாள் இல்லம்மா, நாலஞ்சு நாள். எனக்கு ஊரான் வந்து சொல்றான். நீயே சொல்லு, எந்த ஆம்பளை சும்மா இருப்பான்?"

மண்வெட்டியால் வரப்பை ஒரு குத்துக் குத்தினார்.

"இன்னாத்துக்குடி நின்னேன்னு கேட்டேன். இப்ப சொல்ல மாட்டேன்னு சிரிச்சா. அந்தச் சிரிப்புதான் எனக்கு வெறியேத்துச்சு. அன்னைக்கே குன்றத்தூர்ல அவ ஆத்தா வூட்ல கொண்டுபோய்த் தள்ளிட்டு வந்துட்டேன்."

"அப்புறம் கூட்டிட்டு வரலையா?"

"மார்கழியில அந்தப் படக்காரன் திரும்பவும் வந்தான். அவளைத் தேடிக்கினு வூட்டு வாசல் வரைக்கும் வந்துட்டான். இன்னா தைரியம் பாரு! மம்பட்டியைத் தூக்கிக்கினு துரத்துனேன். இவ்ளோ தூரம் போனப்புறம் அவளை எப்டிக் கூட்டியாறது?"

மடையில் தண்ணீர் வழிந்து அடுத்த பாத்திக்குள் போனது. அவர் கவனிக்கவில்லை.

"காய்ச்சல்னு சொல்லியனுப்பிச்சாங்க. போவல. உசுரு போயிடுச்சுன்னு சொல்லியனுப்பிச்சாங்க. அதுக்குத்தான் போனேன்."

லீலா மெல்ல அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இருபது வருஷமாச்சும்மா. மொகமே மறந்துபோச்சு. ஒரு போட்டோ கூட எடுக்கல நாங்க. கண்ணை மூடிக்கினு நெனைச்சுப் பாத்தா, குரல் வருது, மூஞ்சி வரல. இப்ப இதைப் பாத்ததும்தான்..."

சட்டென்று குரலை மாற்றிக்கொண்டார்.

"அதுக்காக அவ செஞ்சது சரின்னு ஆயிடுமா? புருசனுக்குத் தெரியாம நின்னது தப்பு. தப்பு தப்புதான்."

லீலா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அகன்ற நெற்றி. இடது புருவத்தை வெட்டிக்கொண்டு போகும் பழைய தழும்பு.

பையைத் திறந்து இன்னொரு புகைப்படத்தை எடுத்தாள்.

"இதுவும் அந்த ஓவியர் வரஞ்சதுதாங்க. ரெண்டையும் சேத்துத்தான் எங்ககிட்ட குடுத்தார். எந்தக் காலத்துலயும் பிரிச்சு மாட்டிடாதீங்கன்னு சொல்லிக் குடுத்தார். போன வருஷம் காலமாயிட்டார்."

தணிகாசலம் வாங்கிப் பார்த்தார். ஏரை நிறுத்திவிட்டு, மாட்டின் கழுத்தைத் தட்டிக்கொடுத்துச் சிரிக்கும் ஒரு வாலிபன். இடது புருவத்தில் அதே தழும்பு.

படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"மயிலைக்காளை... எங்க காளைம்மா இது. இது... இது நானு!"

"நீங்க ஏரோட்டறப்போ புதர் மறைவுல நின்னு போட்டாராம். மார்கழியில உங்க வீட்டுக்கு வந்தது இதைக் குடுக்கத்தானாம்."

"என்னைய எதுக்கும்மா அவன் படம் போட்டான்? நான் கேக்கலையே!"

லீலாவுக்குச் சொல்வதா வேண்டாமா என்று தோன்றியது. சொன்னாள்.

"நின்னதுக்குக் கூலியா என்ன வேணும்னு அந்தம்மாவைக் கேட்டிருக்கார். அவங்க சொன்னது இவ்வளவுதானாம்: 'எங்க வூட்டுக்காரரைப் படமாப் போட்டுக் குடுங்க. அவரு எம்மாம் அழகுன்னு அவருக்கே தெரியாது.'"