அம்மாவின் மோர்சிங்

லியாங்ஷான் மலைச்சரிவில் மதியத்து மூடுபனி வாசல்வரை வந்து நிற்கிறது. அம்மாவை எரித்து ஒன்பது நாளாகிறது. அவள் கழுத்தில் எந்நேரமும் தொங்கிய, மோர்சிங்கைப் போட்டுவைக்கும் சின்ன மூங்கில் குழல் இப்போது மகள் வூசாவின் மார்பில் கிடக்கிறது. அதன் சிவப்புக் குஞ்சத்தில் இன்னும் அடுப்புப் புகையின் வாசனை. குழலுக்குள்ளிருந்து மோர்சிங்கின் மூன்று பித்தளை இலைகளை உருவி, விசிறிபோல் விரித்து உதட்டில் வைக்கிறாள். காய்ந்த எச்சிலின் உப்பு நாக்கில் படுகிறது. வாசலில் நின்று அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட அம்மா தினமும் வாசிக்கும் மெட்டைக் கட்டைவிரலால் மெல்லச் சுண்டுகிறாள்.

உள்ளே கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும் அப்பா தலையைத் தூக்குகிறார். ஒன்பது நாளாக அவருக்குப் பேச்சுமில்லை, சாப்பாடுமில்லை. "எங்கடி போய்த் தொலைஞ்ச இவ்வளவு நேரம்? கிழவிக்கு வாசிப்பு ஒண்ணுதான் குறைச்சல். கிழங்கு கருகுது பாரு, எடுத்துக் குடு, பசிக்குது." அடுப்புச் சாம்பலில் உருளைக்கிழங்கு நிஜமாகவே கருகுகிறது. வூசா அதை ஒரு கையால் கிளறி எடுத்து, புகை மண்டிய இருட்டில் அவர் கையில் வைக்கிறாள். "அந்தக் கருமத்த வாயிலருந்து எடுத்துட்டு ஒரு வார்த்த பேசேன்டி" என்கிறார்.

அவள் எடுக்காமல் நிற்கிறாள். எடுத்தால் மகளின் குரல் வந்துவிடும்.