தூங்குமூஞ்சி

"சொல்லுங்க அத்தான், எவன் உள்ள புகுந்தான்?"

மைத்துனன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் கழுத்தை நீட்டினான். அவன் அக்கா போய் ஒன்பது நாள். அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த நாடி பார்க்கும் கருவியை எவனோ வெளியிலிருந்து முடக்கிவிட்டான் என்பது அவன் தீர்மானம். ஆள் யாரென்று தெரிந்தால் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவான்.

அக்காவின் கணவர் சாவி எண்ணைத் தட்டினார்.

அந்தக் கருவிக்குப் பூட்டுப் போட்டவரே அவர்தான். தகவலை அடுத்தவர் படிக்க முடியாதபடி ஆக்குவது; மறையாக்கம் என்று புத்தகத்தில் இருக்கும். அலுவலகத்தில் அது வெறும் பூட்டு, அவர் பூட்டுக்காரர்.

அரிசியளவு சிப். சட்டைப் பொத்தானளவு பேட்டரி. வங்கிக்குப் போடுகிற பூட்டை இதில் போடவே முடியாது என்று எல்லோரும் கைவிரித்தார்கள். அவர் போட்டுக் காட்டினார். நோயாளியின் நாடித்துடிப்பு மருத்துவமனையைத் தவிர ஒருவர் காதிலும் விழாது.

ஒரே ஒரு தொல்லை. பூட்டிப் பூட்டி அனுப்புவதில், ஒரு வருடம் உழைக்க வேண்டிய பேட்டரி ஒரே மாதத்தில் படுத்துவிட்டது.

ஆகவே சிப்பைத் தூங்க வைத்தார். பத்து நிமிடத்துக்கொருமுறை விழிக்கும். சேர்ந்ததையெல்லாம் ஒரே மூட்டையாகப் பூட்டி அனுப்பிவிட்டு மறுபடியும் கண்ணயரும்.

பக்கவாட்டில், ஆபத்தில் மருத்துவமனையை அழைக்க ஓர் அவசரப் பொத்தான்; அதுதான் சிப்பைத் தூங்கவிடவில்லை. மேசையில் கை ஊன்றினால் அழுந்தியது. பை மாட்டினால் அழுந்தியது. சரி, அதுவும் மூட்டையோடு வரட்டும் என்று ஒரு வரி எழுதினார். பேட்டரி பதினான்கு மாதம் தாங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

இதயம் பலவீனமான மனைவிக்கு முதல் கருவியை அவரே கட்டிவிட்டார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்படியே உங்கள உரிச்சு வச்சிருக்கு. சரியான தூங்குமூஞ்சி!"

மருத்துவமனை இரண்டு தெரு தள்ளித்தான்.

இப்போது திரையில் அவள் போன பிற்பகல் வரி வரியாக விரிந்தது. மூன்று இருபது: நாடி எழுபத்திரண்டு. மூன்று முப்பது: நாடி இல்லை. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

"யாரும் புகலப்பா. பூட்டு பூட்டினபடியே இருக்கு."

வரிந்துகட்டிக்கொண்டு வந்த மைத்துனன், சண்டை போட ஆளில்லாமல் துவண்டு போனான். பிறகு இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். விரல்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது.

"அப்ப அக்காவுக்கு எதுவுமே தெரிஞ்சிருக்காதுல்ல? தூக்கத்துலயே போயிருப்பா... இல்ல அத்தான்?"

அவர் உள்ளங்கையைத் திரையின் அடியில் வைத்துக் கடைசி வரியை மறைத்தார்.

"ஆமாப்பா. தூக்கத்துலதான்."

மைத்துனன் தேறி எழுந்து முகம் கழுவப் போகும்வரை கையை எடுக்கவில்லை. உள்ளே குழாய்ச் சத்தம் கேட்ட பிறகுதான் எடுத்தார்.

மூன்று முப்பது. பொத்தான் அழுத்தப்பட்டது: பதினேழு முறை.