ஒன்றில் வந்து நிற்கும்

மறுநாள் காலை அத்தியாயத்தைக் கொடுக்காவிட்டால் வழிகாட்டி கையெழுத்துப் போடமாட்டார். ஆய்வு மாணவிக்கோ தேவையான ஒரு புத்தகம் அகப்படவே இல்லை. பல்கலைக்கழக நூலகத்தின் இரண்டாம் மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அதன் இணையப் பட்டியலில் ‘கிணறு’ என்று தட்டினால் 6,412 முடிவுகள் வந்து கொட்டின. பாதிக்குப் பாதி கவிதை.

“சார், இது தேடித் தருதா, இல்ல என்னைக் கடுப்பேத்துதா?” என்று புத்தக வண்டியைத் தள்ளிவந்த நூலகரிடம் பொரிந்து தள்ளினாள்.

“ஒத்தைச் சொல்லைப் போட்டா எல்லாந்தான் வரும்மா. ஒவ்வொரு சொல்லா சேர்த்துக்கிட்டே போ, ஒண்ணுல வந்து நிக்கும். பக்கத்துல ‘இருக்கிறது’ன்னு காட்டினா நேரா போய் எடுத்துக்கலாம். முன்னாடி தேடினதெல்லாம் திரை ஓரத்துலயே இருக்கும், பாரு.”

மடிக்கணினியில் அந்த ஓரத்தைத் திறந்தாள். அவள் தட்டாத தேடல்கள் வரிசையாக இருந்தன.

‘பெண்’ 31,870. ‘பெண், மாணவி’ 904. ‘பெண், மாணவி, இரண்டாம் மாடி’ 17.

தன் கணக்கில் எவன் விளையாடுகிறான்? தனக்குப் பிடிபடாத வித்தை அவனுக்கு மட்டும் இவ்வளவு லேசாக வருகிறதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு வரி சேர்ந்தது. ‘பெண், மாணவி, இரண்டாம் மாடி, பச்சைச் சட்டை, ஜன்னலோரம்’ 1.

தன் பச்சைச் சட்டையைக் குனிந்து பார்த்தாள். பையையும் கணினியையும் வாரிக்கொண்டு தூணுக்குப் பின்னால் இருந்த மேசைக்கு ஓடினாள். அதே தேடல் மறுபடி வந்தது. 0 என்று விழுந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

பிறகு ‘ஜன்னலோரம்’ போய், ‘தூணுக்குப் பின்னால்’ வந்தது. 1.

பக்கத்தில் ‘இருக்கிறது’ என்று காட்டியது.