வழுக்கி விழுந்தவன்

"டேரியஸ் எட்டு வருஷ ஒப்பந்தம் கேக்கறான். நீங்க என்ன சொல்றீங்க, கோச்?" என்று கேட்டார் பேஸ்பால் அணியின் உரிமையாளர் லொரெய்ன்.

அடித்தால் பந்தை அரங்குக்கு வெளியே அனுப்புகிறவன் டேரியஸ். பயிற்சியாளர் வெர்னன் மேஜையையே பார்த்தார்.

"வேணாம் மேடம். உடைஞ்ச மணிக்கட்டு இன்னும் சரியாகல. எட்டு வருஷம் தாங்காது."

"போயும் போயும் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா கைய உடைச்சுக்குவான்? பொறுப்பே இல்ல! சரி, இந்த சீசனோட அனுப்பிடலாம்."

வெர்னன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வெளியே டேரியஸ் காத்திருந்தான். "என்ன கோச், அலபாமாவுலேருந்து அம்மாவ இங்க கூட்டிட்டு வந்துடலாமா?"

"இல்லப்பா... மணிக்கட்ட நினைச்சு வேணாம்னுட்டாங்க."

டேரியஸின் முகம் வாடியது. ஆனாலும் அவர் தோளில் கை போட்டான்.

"விடுங்க. எனக்காக எவ்வளவு மல்லுக்கட்டினீங்களோ! அந்த வேகத்துல உண்மைய உளறிடலயே? பயிற்சியில நீங்க வீசின பந்து பட்டுத்தான் கை உடைஞ்சுதுன்னு தெரிஞ்சா, வயசாயிடுச்சுன்னு உங்கள வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நான் வழுக்கி விழுந்ததாவே இருக்கட்டும்."

வெர்னன் திரும்பிப் போய் லொரெய்னின் கதவைத் தட்டினார்.