பத்திரமா இருக்கா

"அம்மாடி, அப்பாவுக்கு உன்மேல கோபமே இல்லம்மா. அம்மா படுத்த படுக்கையாக் கிடக்கா. உன் பேரைத்தான் சொல்லிக்கிட்டிருக்கா. எங்கே இருந்தாலும் வந்துடு கண்ணு."

போனுக்குள் அந்தப் பெரியவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு விசும்பினார். சாப்பாட்டு இடைவேளையில் சூப்பர்வைசர் அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடியோவின் முடிவில் காணாமல் போன பெண்ணின் போட்டோ வந்தது. அக்காவின் கை டிபன் பாக்ஸிலேயே நின்றுவிட்டது.

காஜா மெஷின் பெண்!

அந்தத் தையல் கம்பெனியில், சட்டைக்குப் பித்தான் துளை போடும் காஜா மெஷினில் அவள் வந்து உட்கார்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. வந்தபோதே வயிறு மேடிட்டிருந்தது. புருஷன் வெளிநாட்டில் இருப்பதாகச் சொன்னாள். ஆனால் அவனிடமிருந்து ஒரு போன் வந்து யாரும் பார்த்ததில்லை. அடிக்கடி கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். கேட்டால், "உடம்பு முடியலக்கா" என்பாள். பெற்றவர்களைப் பற்றிக் கேட்டால் மெஷினை இன்னும் வேகமாக ஓட்டுவாள்.

அன்று அவள் வேலைக்கு வரவில்லை. காய்ச்சல்.

கட்டினவன் கைவிட்டுவிட்டான், பிறந்த வீட்டுக்குப் போக ரோஷம் தடுக்கிறது என்று அக்கா தனக்குத்தானே முடிவு கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கணவரிடம் வீடியோவைக் காட்டினாள். பஸ் ஓட்டிக் களைத்து வந்திருந்தவர் பாதியிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

"பெத்தவர் எப்படித் துடிக்கிறார் பாருங்க. கல்லும் கரைஞ்சுடும்."

"கரையட்டும். முதல்ல அந்தப் பொண்ணை ஒரு வார்த்தை கேளு."

"கேட்டா ராத்திரியோட ராத்திரியா வேற எங்கேயாவது கிளம்பிடுவா. வயித்துப் பிள்ளையோட எங்கே போய் நிப்பா?"

"ஊரான் வீட்டுக் கதையைப் பார்த்து அழறதே உனக்குப் பொழைப்பாப் போச்சு. அந்தப் போனைத் தூக்கிப் போட்டாத்தான் நமக்கு நிம்மதி."

"சும்மா போனைக் கரிச்சுக் கொட்டாதீங்க. நம்ம பையனுக்கு ஆபரேஷன் நடந்தப்ப ரத்தம் குடுத்தது யாரு? உங்க அண்ணன் தம்பியா? எவனோ ஒருத்தன் ஷேர் பண்ணி, முகம் தெரியாத மனுஷன் ஓடி வந்தார்."

"சரி, உன் தங்கச்சி போட்டோவை அசிங்கமா வெட்டி ஒட்டிப் போட்டானே, அவனும் முகம் தெரியாதவன்தான். அதையும்தான் ஷேர் பண்ணினாங்க."

உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. கல்யாணப் பேச்சு முறிந்ததிலிருந்து தங்கை அந்த அறைதான் கதி என்று கிடக்கிறாள். சாப்பிடக்கூட எல்லாரும் எழுந்து போன பிறகுதான் வருவாள். யார் போன் அடித்தாலும் அவள் உடம்பு தூக்கிப் போடுகிறது.

அக்கா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குடும்பத்தைக் குலைத்த போன், இன்னொரு குடும்பத்தையாவது சேர்த்து வைக்கட்டுமே.

வீடியோவின் கீழே இருந்த எண்ணுக்குப் பேசினாள்.

"உங்க பொண்ணு பத்திரமா இருக்காங்கய்யா. எங்க கம்பெனியிலதான் வேலை பார்க்கறா. மாசமா வேற இருக்கா."

"மாசமாவா இருக்கா?" பெரியவர் ஓவென்று உடைந்து அழுதார். "நீ நல்லா இருப்பேம்மா. அவகிட்ட மட்டும் இப்பச் சொல்லிடாதே. கம்பெனி எங்கே இருக்குன்னு சொல்லு, நாங்களே நேர்ல வந்துடறோம்."

மறுநாள் வேலை முடியும் நேரத்துக்குக் கம்பெனி வாசலில் கார் நின்றது. பெரியவருடன் அவருடைய தங்கை பிள்ளைகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். அக்காவைக் கண்டதும் பெரியவர் கைகூப்பினார். அன்றும் அந்தப் பெண் வேலைக்கு வந்திருக்கவில்லை. அவள் தங்கியிருந்த அறைக்கு வழிகாட்டுவதற்காக அக்காவும் காரில் ஏறிக்கொண்டாள். போகும்போதே வீடியோவின் கீழே, 'பொண்ணு கிடைச்சுட்டா. ஷேர் பண்ணின எல்லாருக்கும் நன்றி' என்று எழுதிப் போட்டாள். மளமளவென்று இதயங்கள் வந்து விழுந்தன. எத்தனையோ நாளைக்குப் பிறகு அக்காவுக்கு மனசு லேசானது.

மொட்டை மாடியில், துணி காயும் கம்பிகளுக்குப் பின்னால் இருந்தது அந்த ஒற்றை அறை. அக்கா கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"நான்தாம்மா, அக்கா. காய்ச்சல் எப்படி இருக்குன்னு பார்க்க வந்தேன்."

அக்காவின் குரல் என்றதும் தாழ்ப்பாள் விலகியது.

கதவு முழுதாகத் திறப்பதற்குள் பெரியவர் அக்காவை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். "அம்மாடி!" என்று இரண்டு கைகளையும் நீட்டினார். அந்தப் பெண் கத்தவில்லை. சுவர் முதுகில் இடிக்கும்வரை பின்வாங்கிப் போய், வயிற்றை இரு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

அக்கா கண்ணைத் துடைத்தபடி அவள் பக்கத்தில் போனாள். "பயப்படாதேம்மா. அப்பா எல்லாத்தையும் மறந்துட்டார். முதல்ல வீட்டுக்குப் போ. உன் வீட்டுக்காரர் வெளிநாட்டுலேர்ந்து வரட்டும், எல்லாரும் உட்கார்ந்து பேசிக்கலாம்."

பின்னால் தங்கை பிள்ளைகள் கதவைத் தாழிடும் சத்தம் கேட்டது. பெரியவரின் அழுகை சட்டென்று நின்றுவிட்டது.

அந்தப் பெண் அப்பாவைப் பார்க்கவே இல்லை. அக்காவைத்தான் பார்த்தாள்.

"அவரு எங்கேக்கா வருவாரு? அவரை வெட்டிக் கொன்ன கேஸ்லதான் எங்கப்பா இப்ப ஜாமீன்ல வந்திருக்காரு."